அசந்த காலுக்குப் பாரம்

ஜனவரி 12

குட்டைக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடாமல் இருந்தால் இந்த வரிவரை வந்திருப்பாய். நான்தான், உன் அண்ணி. இருபத்தோரு வருஷம் கழித்து எழுதுகிறேன். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் அண்ணன் நன்றாக இருக்கிறார். பஸ் டிப்போவில் இன்னும் இரண்டு வருஷ சர்வீஸ் இருக்கிறது. உன் மருமகனுக்குப் பத்தொன்பது வயது. வெளியூரில் படிக்கிறான். என் உயரம்.

உன் விலாசம் கிடைத்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் இன்னும் அதே கண்ணாடிக் கடையில்தான் வேலை செய்கிறேன். போன மாதம் ஒரு பெண் படிக்கிற கண்ணாடிக்கு அளவு கொடுக்க வந்தாள். நல்ல தோள்கட்டு. "உடற்பயிற்சி செய்வீங்களா?" என்று சும்மா கேட்டேன். "முன்னாடி இருந்த ஊர்ல ஒரு ஜிம்முக்குப் போனேன். மாஸ்டர் ஒரு குட்டையான அம்மா. ஓடிட்டு வந்து நின்னா கம்பியைத் தொடவே விடமாட்டாங்க, வீட்டுக்குத் துரத்திடுவாங்க" என்றாள். கையிலிருந்த ஃபிரேமைக் கீழே வைத்துவிட்டேன்.

இப்போது விஷயம். எனக்கு எலும்பு மெலிந்துகொண்டு வருகிறதாம். டாக்டர் "நடந்தா மட்டும் போதாது, எடை தூக்கணும்" என்கிறார். நான் தினமும் எட்டு கிலோமீட்டர் நடக்கிறேன். ஓட்டம் போன பிறகு நடையாவது மிஞ்சட்டும் என்று. ஆஸ்பத்திரியிலேயே அதற்கென்று ஓர் அறை இருக்கிறது. போன திங்கட்கிழமை நடந்து முடித்த கையோடு அங்கே போனேன். எடை தூக்குகிற கம்பிக்கு முன்னால் போய் நின்றேன், தொடவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தவர்களில் இது தெரிந்தவள் நீ ஒருத்திதான். எப்படித் தொடங்குவது என்று மட்டும் எழுது.

பதிலைக் கடை விலாசத்துக்குப் போடு. வீட்டுக்கு வேண்டாம். போனிலும் வேண்டாம், என் குரல் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அண்ணி


ஜனவரி 25

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்றேன்.

நடந்துட்டு வந்து தூக்காதீங்க. நடை ஒரு நாள், எடை ஒரு நாள். ஒரே நாள்ல ரெண்டும் வேணும்னா முதல்ல எடை, அப்புறம் நடை. காலைல நடந்தே ஆகணும்னா சாப்பிட்டு, படுத்து எழுந்து, சாயங்காலம் போங்க. நடுவுல ஆறு மணி நேரமாவது இருக்கணும்.

ஓடியோ நடந்தோ அசந்த உடம்பு வழக்கமா தூக்கற எடையைத் தூக்காது. அது பரவாயில்ல, குறைச்சுக்கலாம். ஆனா முதுகை நேரா வைன்னு உள்ளேயிருந்து ஞாபகப்படுத்தற ஒண்ணு இருக்கே, அதுவும் கூடவே அசந்துபோயிடும். ஆபத்து அங்கதான்.

முதல் மாசம் வெறும் குச்சி. துடைப்பக் கட்டைகூடப் போதும். முதுகோட பழைய கதையை டாக்டர்கிட்ட ஒளிக்காம சொல்லுங்க. அந்த அறையில இருக்கற பிசியோதெரபிஸ்ட் பக்கத்துல நிக்காம எதையும் தொடாதீங்க. இன்னும் ரெண்டு தடவை முடியும்னு தோணறப்பவே கீழ வச்சிடுங்க. முடியாதுன்னு தெரிஞ்ச பிறகு வைக்கறதுக்குப் பேரு வைக்கறது இல்ல, போடறது.

அவ்வளவுதான்.

மருமகன் உங்க உயரம்னு எழுதியிருந்தீங்க. மூக்கு யார் மாதிரி?


பிப்ரவரி 9

குட்டைக்கு,

மூக்கு உன் மூக்குதான். சின்ன வயதில் அவன் கோபித்துக்கொண்டு மூக்கை விடைக்கும்போதெல்லாம் உன் அண்ணன் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

நீ சொன்னபடியே செய்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் நடை கிடையாது, எடை மட்டும். பிசியோதெரபிஸ்ட் கையில் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்தார். அதைத் தொடையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்து நிமிர வேண்டும். பத்துத் தடவை. ஒரு கிலோகூட இருக்காது. எட்டாவது தடவை நிமிரும்போது எனக்கு அந்த மாடி அறையின் வாசனை வந்தது. துருவும் ரப்பரும் ஈரச் சுவரும் சேர்ந்த வாசனை. ஆஸ்பத்திரியில் அது வர நியாயமே இல்லை.

அதிலிருந்து பழசெல்லாம் ஒன்று மாற்றி ஒன்று வருகிறது. ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் ஆற்றோரச் சாலை. பழைய பாலம்வரை போய்த் திரும்பினால் இருபத்தெட்டு கிலோமீட்டர். உன் அண்ணன் சைக்கிளில் பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு வருவார். சுருதியே சேராமல் விசிலடிப்பார். "முன்னாடி ரெண்டு நிழல் போகுது. ஒண்ணு நிக்குது, ஒண்ணு உக்காந்திருக்குன்னு நினைச்சேன், பார்த்தா ரெண்டும் ஓடுது" என்பார். நீ திரும்பி ஓடியே அவரைத் துரத்துவாய். இருபது கிலோமீட்டர் ஓடிய பிறகும் உனக்கு அதற்குத் தெம்பு இருக்கும். எனக்குச் சிரிக்கக்கூட மூச்சு இருக்காது.

பிறகு அட்டைப்பெட்டிக் கிடங்குக்கு மேலே அந்த அறை. சுவரைப் பிடித்துக்கொண்டே படியேறுவோம். நாம் சேர்ந்திருந்த தொழிற்சாலை விளையாட்டு கிளப் கழித்துப் போட்ட எடைகளையெல்லாம் நாம்தான் சுமந்து மேலே கொண்டுபோனோம். "பெரிய ஓட்டத்துல கடைசிப் பத்து கிலோமீட்டர்ல கால் செத்துப்போகும். செத்த கால்ல தூக்கிப் பழகினா அன்னைக்கு அது எழுந்து ஓடும்" என்று சொன்னது நீ. அதற்கு 'அசந்த காலுக்குப் பாரம்' என்று பெயர் வைத்தது நான். எவ்வளவு முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது. ஆனால் ஜன்னலோரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரே துண்டில் இரண்டு பேரும் முகம் துடைத்துக்கொண்ட அந்த நேரத்துக்கு ஈடாக எனக்கு வேறெதுவும் பிறகு கிடைக்கவில்லை.

இதையெல்லாம் வீட்டில் பேச முடியாது. அதனால் உனக்கு எழுதிவிட்டேன். பிடிக்கவில்லையென்றால் எடை பற்றி மட்டும் பதில் எழுது.

அண்ணி


பிப்ரவரி 20

நெட்டை,

நீங்க நீங்கன்னு எழுதிக் கை வலிக்குது. கல்யாணத்தன்னைக்குக் காலைல எங்கம்மா என்னைத் தனியா இழுத்து, "நேத்துவரைக்கும் அவ உன் சிநேகிதி. இனிமே அண்ணி. வாடி போடின்னு கேட்டேன், பல்லைத் தட்டிடுவேன்"னு சொன்னா. அம்மா போய்ச் சேர்ந்து வருஷமாச்சு. என் பல்லும் ரெண்டு தானாவே விழுந்தாச்சு. நீன்னே எழுதறேன்.

துண்டு என்னோடது. நீ எப்பவும் மறந்துட்டு வருவே.

இங்க என் இடமும் மாடிதான். கீழ சைக்கிள் ரிப்பேர் கடை. பதினாறு பேர் வர்றாங்க, எல்லாரும் பொம்பளைங்க. தையல்காரி ஒருத்தி, ஸ்கூல் பஸ் ஓட்டற ஒருத்தி, மூணு நர்சுங்க. நர்சுங்க பன்னண்டு மணி நேரம் நின்னுட்டு நேரா வருவாங்க. "அரை மணி நேரம் பாய்ல படு, அப்புறம் பார்க்கலாம்"னு சொல்வேன். பாதி நாள் தூங்கிடுவாங்க. எழுப்ப மாட்டேன். இப்படி நடத்தினா ஜிம் உருப்படுமான்னு கேக்காதே, உருப்படத்தான் செய்யுது.

நல்லதை மட்டும் எழுதிட்டு நிறுத்திட்டே நீ. மிச்சத்தை நான் எழுதறேன், இல்லன்னா நெஞ்சுல கிடந்து அழுத்தும்.

பெரிய ஓட்டத்துக்கு ஆறு வாரம் இருந்தது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர். கிளப் சார்பா ஓட பொம்பளைக்குன்னு ஒரே ஒரு இடம். உனக்கும் எனக்கும் நேரம் ஒண்ணுபோல. அந்த ஞாயித்துக்கிழமை இருபத்தெட்டும் ஓடிட்டு மேல வந்தோம். தரையிலேருந்து எழுபது கிலோ. நாலு தடவை தூக்கினே. "இன்னும் ஒண்ணு"ன்னேன். அஞ்சாவது தடவை உன் முதுகு வில்லு மாதிரி வளைஞ்சுது. கம்பி விழுந்த சத்தத்துல கிடங்கு ஆளுங்க ஓடி வந்தாங்க. நீ தரையில கன்னத்தை வச்சுப் படுத்துக்கிட்டு, "கால் எங்கே இருக்குன்னு தெரியல"ன்னு மெதுவா சொன்னே.

ஆஸ்பத்திரி வராண்டாவுல அண்ணன் என்னைப் பார்த்து, "உனக்கு அந்த இடம் வேணும்னா கேட்டிருந்தா அவளே விட்டுக் கொடுத்திருப்பா. இனிமே என் வாசப்படி மிதிக்காதே"ன்னாரு. கதவு திறந்துதான் இருந்தது. கட்டில்ல நீ முழிச்சுக்கிட்டுதான் இருந்தே. சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டே.

அண்ணன் சொன்னதை நான் மன்னிச்சு ரொம்ப நாளாச்சு. நீ திரும்பிப் படுத்ததைத்தான் இன்னும் முடியல.

குட்டை


மார்ச் 8

குட்டைக்கு,

உன் கடிதத்தைக் கடையில் லென்ஸ் தேய்க்கிற அறையில் உட்கார்ந்து படித்தேன். அங்கே மெஷின் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது.

ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எடையைப் பற்றிக் கேட்கத்தான் எழுதத் தொடங்கினேன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லத்தான் எழுதியிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, நான் கடையிலிருந்து நேராக வீட்டுக்குப் போகவில்லை. ரயில் பாதையோரம் பதினாறு கிலோமீட்டர் ஓடினேன். தனியாக. அந்த மாதம் முழுக்க எல்லாச் சனிக்கிழமையும் அப்படித்தான். "கடைல கணக்கெடுப்பு, லேட்டாகும்" என்று உன் அண்ணனிடம் சொல்லியிருந்தேன். சனிக்கிழமை ஓய்வு எடுக்கணும் என்று நாம் இரண்டு பேரும் பேசி வைத்திருந்தோம். நீ எடுத்தாய். நான் எடுக்கவில்லை. அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது. நீ என்னைவிட வலுவானவள், பாரத்தில் உன்னை எட்டிப் பிடிக்கவே முடியாது, அதனால் ஓட்டத்திலாவது திருட்டுத்தனமாக முன்னால் போய்விடலாம் என்று நினைத்தேன்.

ஆகவே அன்று அந்த அறைக்கு வந்தது இருபத்தெட்டு கிலோமீட்டர் ஓடிய கால் அல்ல. நாற்பத்துநான்கு ஓடிய கால். முதல் தடவை தூக்கும்போதே தொடையில் உணர்ச்சி இல்லை. நீ இன்னும் ஒன்று என்றபோது முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாயே.

ஆஸ்பத்திரியில் உன் அண்ணன், "அவதானே உன்னைத் தூக்க வச்சா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். அவர் வராண்டாவுக்குப் போய் உன்னிடம் பேசியது எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் திரும்பிப் படுத்தேன்.

மூன்று மாதம் பலகைமேல் கிடந்தேன். தினமும் காலையில் எழுந்ததும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். மூன்று மாதம் ஒரு வருஷமாயிற்று. பிறகு பையன் பிறந்து, அவன் நடந்து, பள்ளிக்கூடம் போனான். சொல்லாத விஷயத்துக்கும் வயதாகிறது, குட்டை. வயதான பிறகு அதை வீட்டை விட்டு வெளியே அனுப்ப முடிவதில்லை.

மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

நெட்டை


ஏப்ரல் 30

ஏழு வாரமா எழுதல. எழுத உக்காந்தா வாயில வர்றதெல்லாம் காகிதத்துல வைக்கற மாதிரி இல்ல.

அண்ணன் வீடுன்னு ஒண்ணு எனக்கு இல்லாம போச்சு. மருமகன் பிறந்ததை வேற யாரோ சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன். நீ ஒரு வாய் திறந்திருந்தா போதும்.

எடையை விடாதே. பிசியோதெரபிஸ்ட் சொல்றதைக் கேளு. எனக்கு எழுதாதே.


மே 11

நெட்டை,

எழுதாதேன்னு சொன்னது உனக்கு. எனக்கு இல்ல.

அந்தக் கடிதத்தைப் போட்டுட்டு வந்த பிறகு எனக்குத் தூக்கமும் போச்சு, சாப்பாடும் போச்சு. கோபத்தாலன்னு நினைச்சேன். முந்தாநேத்து பஸ் ஓட்டற அம்மா, பெரிய ஓட்டம் ஓடிட்டு அடுத்த நாளே வந்து நின்னா. ஒண்ணும் இல்லன்னு சொல்லிக்கிட்டே படியேறினா. முழங்கால் ரெண்டும் வெடவெடன்னு ஆடுது. நான் வாசல்லயே மறிச்சேன். மறிச்ச கையோட அப்படியே சுவத்துல சாய்ஞ்சு உக்காந்துட்டேன். அவ பயந்துபோய்த் தண்ணி கொண்டுவந்தா.

அன்னைக்கு நீ படியேறினப்போ நான் உனக்குப் பின்னாடி வந்தேன். உன் முழங்கால் ஆடினதை நான் பார்த்தேன். சனிக்கிழமை நீ ஓடினது எனக்குத் தெரியாது. ஆனா நீ தூக்கற நிலைமைல இல்லன்னு எனக்குத் தெரியும். முதல் படிலேயே தெரியும். நிறுத்துன்னு சொல்லல. நாலு முடிச்சதும் கம்பியைப் பிடிச்சு வாங்கியிருக்கணும். இன்னும் ஒண்ணுன்னேன். நீ இன்னைக்குத் தோத்தேன்னு உன் வாயால சொல்லணும், அதை நான் கேக்கணும்னு இருந்தது. உனக்கு இப்படி ஆகணும்னு சத்தியமா நினைக்கல. ஆனா அண்ணன் சொன்னது முழுப் பொய்யும் இல்ல. அதனாலதான் அன்னைக்கு வராண்டாவுல எதிர்த்து ஒரு வார்த்தை பேச எனக்கு வாய் வரல.

இன்னொண்ணு. நீ படுக்கைல கிடக்கறப்போ நான் போய்ப் பெரிய ஓட்டம் ஓடினேன்னுதானே நீங்க ரெண்டு பேரும் இத்தனை வருஷமா நினைச்சிருப்பீங்க. போனேன். முப்பத்தொண்ணாவது கிலோமீட்டர்ல ஒரு மருந்துக்கடை வாசல்ல உக்காந்துட்டேன். கால்ல ஒண்ணும் இல்ல. நல்லா இருந்தது. பின்னாடி விசில் சத்தம் இல்ல, பக்கத்துல நீ இல்ல. எதுக்கு ஓடறேன்னு தோணிப்போச்சு. சட்டையில குத்தியிருந்த நம்பரைக் கழட்டிக் குப்பைத் தொட்டியில போட்டுட்டு பஸ் ஏறி வந்தேன். அதுக்கப்புறம் நான் ஓடினதே இல்ல.

இவ்வளவுதான் என்கிட்ட இருந்தது. நீ எழுதலாம்.

குட்டை


மே 24

குட்டைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையிலிருந்து பாதி நாள் லீவு போட்டேன். வீட்டுக்கு வந்து உன் கடிதங்களையெல்லாம் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன். உன் அண்ணன் டிப்போவிலிருந்து வந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். கையில் கிரீஸ் இன்னும் போகவில்லை. "இது யார் எழுதினது?" என்றார். "படிங்க. ஆனா அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

சனிக்கிழமைகளைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டதைச் சொன்னேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். "இத்தனை வருஷமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் கடிதங்களை வரிசையாகப் படித்தார். மருந்துக்கடை வாசல் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கண்ணாடி நான் போட்டுக் கொடுத்தது. அழுக்கே இல்லை.

அதற்குப் பிறகு நான்கு நாள் என்னோடு பேசவில்லை. தானே பரிமாறிக்கொண்டு சாப்பிட்டார், தானே துணி மடித்தார். நான் ஒரு அறைக்குள் நுழைந்தால் அவர் அடுத்த அறைக்குப் போவார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் எங்கள் வீடு இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை.

இன்று காலையில் டிப்போவுக்கு லீவு சொல்லிவிட்டு, "அவ விலாசத்தை எழுதிக் குடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். கோபம் உன்மேலா, என்மேலா, தன்மேலேயா, எனக்குப் புரியவில்லை. எப்போது வருவீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. "எத்தனை சட்டை எடுத்து வைக்கட்டும்?" என்று கேட்டேன். "மூணு" என்றார். மூன்று நாளைக்கா, அல்லது இப்போதைக்கு மூன்று போதும் என்றா, அதுவும் தெரியவில்லை.

இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவரே வந்து சேர்ந்துவிடுவார். வந்தால் முதலில் சாப்பாடு போடு. ரயிலில் அவருக்கு எதுவும் இறங்காது.

நெட்டை


மே 28

நெட்டை,

வந்தாரு.

காலைல பத்து மணி. தையல்காரி கம்பியைத் தோள்ல வச்சு உக்காந்து எழுந்திட்டிருந்தா. நான் அவ பின்னாடி கையை நீட்டிக்கிட்டு நிக்கறேன். படியில செருப்புச் சத்தம். யாரோ வாசல்ல வந்து நின்னாங்க. அந்த இருமல் எனக்குத் தெரியாதா. ஆனா அவ இன்னும் மூணு தடவை எழணும். நான் திரும்பல. அவ கம்பியைத் தாங்கியில வச்சு மூச்சு விட்ட பிறகுதான் திரும்பினேன். நெட்டை, அண்ணனுக்கு முடி பாதி இல்லன்னு நீ எழுதவே இல்லையே.

"படி ரொம்ப செங்குத்தா இருக்கு"ன்னாரு.

"ஆமாண்ணா, பார்த்து வரணும்"னேன்.

இருபத்தோரு வருஷத்துக்கு அப்புறம் நாங்க பேசினது இதுதான். தையல்காரி எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துட்டுத் துண்டை எடுத்துக்கிட்டு நைசா இறங்கிப் போயிட்டா.

சாப்பாடு போட்டேன். ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாரு. மத்தியானம் தூங்கினாரு. அடுத்த நாள் பூரா கீழ சைக்கிள் கடைக்காரரோட உக்காந்து யாரோடதோ செயினைக் கழட்டி மாட்டிக்கிட்டிருந்தாரு. உன்னைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, பழசைப் பத்தியும் இல்ல. நானும் கேக்கல. என்கிட்ட வர்றவங்களை ஓரமா உக்காந்து பார்ப்பாரு. ஒரு நர்சு பாய்ல தூங்கறதைப் பார்த்துட்டு, அந்தப் பக்கத்து ஃபேனை அவரே போய்ப் போட்டுவிட்டாரு.

மூணாவது நாள் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு நான் எடைத் தட்டுகளைத் துடைச்சு அடுக்கிட்டிருந்தேன். அவரும் ஒரு துணியை எடுத்துக்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்தாரு. துடைச்சுக்கிட்டே சொன்னாரு. அவர் சொன்னபடியே எழுதறேன், நான் எதையும் சேர்க்கல.

"முதல் வருஷம் உன் மேல கோபமாத்தான் இருந்தேன். அது நிஜம். அப்புறம் ஒரு நாள் யோசிச்சுப் பார்த்தா கோபம் இல்ல, எங்கேயோ போயிடுச்சு. போனது தெரிஞ்சும் நான் வரல. எந்த முகத்தை வச்சுக்கிட்டு வர்றதுன்னு இருந்துட்டேன். அந்த ஒரு வருஷத்துக்கு வேணா உங்க அண்ணியைச் சொல்லலாம். மிச்ச இருபது வருஷம் என்னோடது."

நான் தட்டைக் கீழ வச்சிட்டு அவர் தோள்ல தலையைச் சாய்ச்சுக்கிட்டேன். ரெண்டு பேர் கையும் அழுக்கு. துடைச்சுக்கத் தோணல.

"அண்ணிகிட்ட இதைச் சொன்னியாண்ணா?"ன்னு கேட்டேன்.

"இல்ல. நாலு நாளா எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம ரூம் ரூமா போயிட்டிருந்தேன்"னாரு. "அவளும் பின்னாடியே வந்துட்டிருந்தா."

இன்னைக்குக் காலைல ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனேன். இன்னும் ரெண்டு நாள் இரு, சைக்கிள் கடைக்காரர் உன்னை விடமாட்டேங்கறாருன்னு சொல்லிப் பார்த்தேன். வண்டி வர்ற திசையையே பார்த்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் சொன்னாரு: "இல்லம்மா, போகணும். அவ அங்க தனியா உக்காந்து என்னென்னவோ நினைச்சுக்கிட்டிருப்பா."

சொல்லிட்டுச் சட்டைக் காலரைச் சரிபண்ணிக்கிட்டாரு. பொண்ணு பார்க்கப் போற மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

உன் குட்டை